டன் கணக்கில் அடங்காத காடு

காட்டுக்கு இப்போது விலை வந்துவிட்டது. 2024 ஜூலையில் புர்சா மலேசியாவின் கார்பன் சந்தையில், சபாவின் குவாமுட் மழைக்காட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் கரிம வரவுகள் ஏலம் விடப்பட்டன. ஒரு வரவின் விலை 50 ரிங்கிட். ஒரு வரவு என்பது காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட, அல்லது காற்றிலிருந்து அகற்றப்பட்ட ஒரு டன் கரியமில வாயு. பக்கத்து நாடான சிங்கப்பூரில் கரிம வரி 2026 தொடக்கத்தில் டன்னுக்கு 25 வெள்ளியிலிருந்து 45 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் தங்கள் வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை, வெளிநாட்டுக் கரிம வரவுகளை வாங்கி ஈடுகட்டிக்கொள்ளலாம். மலேசியாவும் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-ல் கரிம வரியை அறிமுகப்படுத்தப் போவதாக வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது.

இது நல்ல செய்திதான். வெட்டினால்தான் காசு என்றிருந்த மரம், நின்றாலும் காசு என்ற நிலைக்கு வந்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு, இத்தகைய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. காடு செய்யும் வேலை முழுவதும் அந்த ஒரு ‘டன்’னுக்குள் அடங்கிவிடுகிறதா?

அடங்கவில்லை என்பதே என் வாதம். காட்டுக்கும் காற்றுக்கும் இடையே முக்கியமாக மூன்று கொடுக்கல் வாங்கல்கள் நடக்கின்றன. ஒன்று கரியமில வாயு, இரண்டாவது நீராவி, மூன்றாவது வெப்பம். சந்தை எண்ணுவது முதலாவதை மட்டும். நம் ஊரின் பிற்பகல் வெயிலோடும் மழையோடும் நேரடித் தொடர்புடைய மற்ற இரண்டும் எந்த ரசீதிலும் இல்லை. ரசீதில் இல்லாத ஒன்று, முடிவெடுப்பவர்களின் மேசைக்கு வருவதும் அரிது.

பாசோவில் ஒரு கோபுரம்

இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணும் இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் அருகே உள்ள பாசோ வனக் காப்பகம்தான் அது. 1970-களிலேயே அனைத்துலக ஆய்வாளர்கள் இங்கே வந்துவிட்டார்கள். 1980-களில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு செண்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு கன்றிலிருந்து பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். எண்ணி முடித்தபோது 300,000-க்கும் மேற்பட்ட மரங்கள், 800-க்கும் மேற்பட்ட இனங்கள். காப்பகத்தின் மூன்று பக்கங்களிலும் இன்று செம்பனைத் தோட்டங்கள்.

அந்தக் காட்டுக்குள் 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கெப்போங்கில் தலைமையகம் கொண்ட மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதில் அளவெடுத்து வருகிறார்கள். மர உச்சிகளுக்கு மேலே இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதை ஒலி அலைகளைக் கொண்டு அளக்கிறது. இன்னொன்று, அதே நொடியில் அந்தக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு நீராவி என்பதை அகச்சிவப்பு ஒளியால் அளக்கிறது. நொடிக்குப் பத்து முறை இந்த அளவீடு நடக்கிறது.

எதற்கு இவ்வளவு வேகம்? காட்டுக்கு மேலே காற்று நேராக ஓடுவதில்லை. சிறுசிறு சுழல்களாகப் புரண்டு ஏறி இறங்குகிறது. இறங்கும் சுழலில் கரியமில வாயு கூடுதலாகவும், ஏறும் சுழலில் குறைவாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் காடு எடுத்துக்கொண்டது என்று பொருள். நெடுஞ்சாலை டோல் சாவடியில் உள்ளே போகும் வண்டிகளையும் வெளியே வரும் வண்டிகளையும் எண்ணினால், ஊருக்குள் எத்தனை வண்டி தங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? கோபுரம் செய்வதும் அதே வேலைதான். அரை மணிக்கு ஒரு முறை கணக்கை முடித்து, அடுத்த அரை மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். இத்தகைய கோபுரங்கள் இன்று உலகமெங்கும் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆசியாவில் உள்ளவற்றை இணைக்க 1999-ல் ஆசியாஃப்ளக்ஸ் என்ற வலையமைப்பு உருவானது.

பெரிய வரவு, பெரிய செலவு

பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ‘காடுகள் பூமியின் நுரையீரல்’ என்ற வரியை நாம் எல்லாரும் கேட்டிருப்போம். கோபுரங்களின் கணக்கு இந்த வரியைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது.

பகலில் இலைகள் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன. வெப்பமண்டல மழைக்காடு ஒன்று ஆண்டுக்கு ஹெக்டருக்கு 30 டன்னுக்கும் மேலான கரிமத்தை இப்படி உள்ளே எடுக்கிறது. ஆனால் மரமும் உயிர். அது இரவும் பகலும் சுவாசிக்கிறது. உதிர்ந்த இலையையும் விழுந்த மரத்தையும் மண்ணில் உள்ள பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் கரையான்களும் தின்று மூச்சு விடுகின்றன. உள்ளே போனதில் மிகப் பெரும்பகுதி இந்த வழியில் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஆக்சிஜன் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். முதிர்ந்த காடு தான் வெளியிடும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தானே செலவழித்துவிடுகிறது.

ஆகவே காடு ஆண்டுதோறும் சேமிக்கும் கரிமம் என்பது, இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலான சிறிய வித்தியாசம். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட், செலவு 4,800 ரிங்கிட் என்று ஓடும் குடும்பத்தைப் போல. ஒரு வறட்சி, ஒரு தீ, ஒரு பெரிய மரவெட்டு வந்தால் போதும், மிச்சம் கடனாகிவிடும். அமேசானில் இது கண்முன்னே நடந்திருக்கிறது. 2010 முதல் 2018 வரை விமானத்திலிருந்து எடுத்த காற்று மாதிரிகளைக் கொண்டு பிரேசில் ஆய்வாளர் லூசியானா கட்டியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. தென்கிழக்கு அமேசான் உள்ளிழுப்பதைவிட அதிகக் கரிமத்தை வெளியேற்றுகிறது என்று அது காட்டியது.

இதனால் காட்டின் கரிம மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆண்டு வருமானம் சிறியதாக இருந்தாலும், நூற்றாண்டுகளாகத் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் சேர்ந்திருக்கும் முதல் மிகப் பெரியது. குவாமுட்டில் விற்கப்படுவதும் அடிப்படையில் இந்தக் காப்பாற்றப்பட்ட முதல்தான். முன்பு வணிக மரவெட்டுக் காடாக இருந்த 83,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலம் அது. கரிமக் கணக்கு அவசியமானது. அதோடு கணக்கு முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் சிக்கல்.

380 ஏர்கோன்கள்

இனி, சந்தை எண்ணாத பகுதிக்கு வருவோம். கரியமில வாயுவை உள்ளே விட இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். இலைத்துளையைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் பிடித்து நிறுத்த மரத்தால் முடியாது. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே ஏறி, இலையிலிருந்து நீராவியாகக் காற்றில் கலக்கிறது. இதோடு, மழை விட்டதும் இலைமேல் தங்கிய ஈரமும் ஆவியாகிறது.

பாசோவில் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவில் இது குறைவான மழை பெறும் இடங்களில் ஒன்று. அதில் ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், காட்டின் வழியாக மறுபடி காற்றுக்கே போகிறது. ஆய்வாளர்களைக் கவர்ந்தது இன்னொன்று. 2003 முதல் 2009 வரை ஏழு ஆண்டுகளில் மழை கூடியும் குறைந்தும் வந்தது. காடு காற்றுக்குத் திருப்பிக் கொடுத்த நீரின் அளவோ பெரிதாக மாறவில்லை. மேல்மண் காய்ந்தாலும், ஆழத்தில் இருந்து நீர் எடுக்கும் வேர்கள் காட்டுக்கு உண்டு.

இந்த எண்ணை வெப்பமாக மாற்றிப் பார்ப்போம். இயற்பியல் பாடத்தில் உள்ளுறை வெப்பம் படித்தவர்கள் என்னோடு சேர்ந்து கணக்குப் போடலாம். 1,300 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 1,300 லிட்டர். நாளைக்கு மூன்றரை லிட்டர். ஒரு ஹெக்டருக்கு நாளைக்கு 35,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பெருக்கினால், ஒரு ஹெக்டர் காடு ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றல் சுமார் 24,000 கிலோவாட் மணி. வீட்டில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 2.6 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். அப்படியானால் ஒரு ஹெக்டர் மழைக்காடு, இரவு பகல் நிற்காமல் ஓடும் ஏறத்தாழ 380 ஏர்கோன்களுக்குச் சமம். மின்சாரக் கட்டணம் இல்லை.

அந்த வெப்பம் மாயமாகிவிடுவதில்லை. நீராவிக்குள் ஒளிந்து மேலே ஏறி, அது மேகமாகக் குளிரும் உயரத்தில் வெளிப்படுகிறது. ஏர்கோனும் அறை வெப்பத்தை வெளியேதானே தள்ளுகிறது? வித்தியாசம், எங்கே தள்ளுகிறது என்பதில். ஏர்கோன் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளும். காடு நம் தலைக்கு வெகு உயரத்துக்கு அனுப்பும். காட்டை அகற்றித் தார்ச்சாலையும் கூரையும் போட்டால் அதே வெயில் ஆவியாக்க நீரின்றி, தரையையும் காற்றையும் நேராகச் சூடாக்கும். கோலாலம்பூர் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்குப் பேருந்துக்குக் காத்திருக்கும் எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செம்பனையும் பச்சைதானே?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். “செம்பனையும் ரப்பரும் மரங்கள்தானே? அவையும் நீராவி விடுகின்றனவே?” விடுகின்றன. இந்த விஷயத்தில் தோட்டங்களைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை.

சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில் இதே வகைக் கோபுரங்களைக் கொண்டு அளந்தார்கள். 12 வயதுச் செம்பனைத் தோட்டம் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீரைக் காற்றுக்கு அனுப்பியது. இது காட்டின் அளவுக்கு அருகில் வரும் எண். ஆனால் ஒரு வயதுக் கன்றுகள் நின்ற தோட்டத்தில் அது சுமார் 900 மில்லிமீட்டர்தான். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒரு முறை அழித்து மறுநடவு செய்ய வேண்டும். அப்போதெல்லாம் நிலம் சில ஆண்டுகளுக்கு வெயிலில் கிடக்கும். காட்டுக்கு அப்படி ஒரு விடுமுறை கிடையாது.

ரப்பரைப் பற்றி என் தாத்தா சொன்னதை இங்கே சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிர்ந்துவிட்டால் பால் குறையும், கைக்காசும் குறையும், நிரைக்குள்ளே வெயில் நேராக இறங்கும் என்பார். அவர் வருமானமாகப் பார்த்ததைப் பாடநூல் நீராவிப்போக்காகப் பார்க்கிறது. இலை இல்லாத மரம் வெயிலின் ஆற்றலை நீராவியாக்கி மேலே அனுப்ப முடியாது. காட்டில் நூற்றுக்கணக்கான இனங்கள் உள்ளன. ஒன்று இலை உதிர்க்கும்போது மற்றொன்று துளிர்க்கும். மொத்தக் காடும் ஒரே வாரத்தில் மொட்டையாவதில்லை. மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாக மாறியதில் நம் முன்னோரின் உழைப்பு பெரும் பங்கு வகித்தது. அந்த மாற்றம் காற்றில் என்ன செய்தது என்று புரிந்துகொள்வதும் நம் வரலாற்றின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

வெப்பநிலையிலும் வேறுபாடு உண்டு. சபாவில் நடந்த ஓர் ஆய்வில், செம்பனைத் தோட்டத்துக்குள் பகலின் உச்ச வெப்பநிலை, கைபடாத காட்டுக்குள் இருந்ததைவிட 6 டிகிரி செல்சியஸுக்கும் மேல் கூடுதலாகப் பதிவானது. அடுக்கடுக்கான இலை விதானம் இல்லாததே முக்கியக் காரணம்.

வாயுக்களிலும் உண்டு. தாவரங்கள் ஐசோப்ரீன் போன்ற ஆவிகளையும் வெளியிடுகின்றன. 2008-ல் டானும் பள்ளத்தாக்கிலும் அருகிலுள்ள தோட்டங்களிலும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்தபோது, மழைக்காட்டைவிடச் செம்பனை பல மடங்கு அதிக ஐசோப்ரீனை வெளியிடுவது தெரிந்தது. ஐசோப்ரீன் தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உரமிட்ட மண்ணிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வெயிலில் சேர்ந்தால், நுரையீரலைப் பாதிக்கும் தரைமட்ட ஓசோன் உருவாகும். இரண்டும் பச்சையாகத்தான் தெரியும். காற்றோடு அவை நடத்தும் வியாபாரம் வேறு.

டன்னை மாற்றலாம், மழையை மாற்ற முடியாது

கரியமில வாயு உலகக் காற்றில் நன்றாகக் கலந்துவிடும் வாயு. ஜூரோங்கில் வெளியேறிய ஒரு டன்னும் சபாவில் தடுக்கப்பட்ட ஒரு டன்னும் பூமியின் வெப்பத்தைப் பொறுத்தவரை ஒன்றே. அதனால்தான் கரிமச் சந்தை என்ற ஒன்று சாத்தியமாகிறது. இங்கே செய்த கேட்டை அங்கே ஈடுகட்டலாம் என்ற வாதத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு.

நீராவிக்கும் வெப்பத்துக்கும் இந்த விதி பொருந்தாது. காடு தரும் குளிர்ச்சி அந்தக் காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். அது அனுப்பும் ஈரம் காற்று போகும் திசையில் சில நூறு கிலோமீட்டருக்குள் மழையாகலாம்; உலகம் முழுவதும் பரவிச் சமமாவதில்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, வெப்பமண்டலக் காடழிப்பு மழையைக் குறைக்கிறது என்று 2023-ல் காட்டினார்கள். சுமார் 200 கிலோமீட்டர் அளவிலான பரப்பில், இழக்கும் ஒவ்வொரு விழுக்காட்டுப் புள்ளிக் காட்டுக்கும் மாதத்துக்கு 0.25 மில்லிமீட்டர் மழை குறைகிறது. அற்பமாகத் தெரிகிறதா? 40 விழுக்காடு காடு போனால் மாதத்துக்கு 10 மில்லிமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். போர்னியோவைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. 15 விழுக்காட்டுக்கும் மேல் காட்டை இழந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், குறிப்பாகத் தீவின் தென்கிழக்கில், மழையும் 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது.

தீபகற்ப மலேசியா குறுகலான நிலம், இருபுறமும் கடல். நம் மழைக்கான ஈரத்தில் பெரும்பங்கு கடலிலிருந்தே வருகிறது. ஆகவே அமேசானின் நடுப்பகுதியைப் போல நாம் முழுக்கக் காட்டை நம்பி நனைகிறோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்ச்சியைப் பொறுத்தவரை எந்தக் கடலும் பூச்சோங்கின் அடுக்குமாடி வரிசைக்கு நடுவே வந்து உட்காராது.

இப்போது நம் நாட்டின் கொள்கைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்போம் என்று 1992-ல் ரியோ மாநாட்டில் மலேசியா உறுதியளித்தது. இன்றும் பாதிக்கு மேல் காடு இருப்பதாக அரசு சொல்கிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது நாட்டின் சராசரி. சரவாக்கின் காடு கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகலைக் குளிர்விக்காது.

கோல லங்காட் சொன்ன பாடம்

2021-ல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் 536 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். 1927-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. இலைதழை மக்காமல் ஆண்டாண்டாக நீரில் ஊறிக் குவிந்த, மலாயில் காம்புட் எனப்படும் கரிமண் சதுப்புக் காடு. பக்கத்திலேயே தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தபின், அதே ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அப்போது முன்வைக்கப்பட்ட ஏற்பாட்டில், எடுத்துக்கொள்ளும் நிலத்துக்கு ஈடாக வேறு இடங்களில் நிலம் தரப்படும் என்பதும் ஒன்று.

2022-ல் தேசிய வனச் சட்டம் திருத்தப்பட்டது. நிரந்தர வனக் காப்பகம் ஒன்றை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும், நீக்கினால் சமமான அல்லது அதைவிடப் பெரிய பரப்பை ஈடாகச் சேர்க்க வேண்டும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். முன்பிருந்ததைவிட இது பெரிய முன்னேற்றம். இருப்பினும் ‘சமமான பரப்பு’ என்ற சொல்லில் அதே டன் மனப்பான்மை ஒளிந்திருக்கிறது. நகரத்தின் ஓரத்தில் நிற்கும் 500 ஹெக்டரும் மலைக்கு அப்பால் உள்ள 500 ஹெக்டரும் வரைபடத்தில் சமம். நகரத்தில் வாழும் பல லட்சம் பேருக்கு அவை சமமா?

மாநில அரசுகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. மரமும் நிலமும் அவற்றுக்கு வருமானம். காடு மேலே அனுப்பும் நீராவிக்கு யாரும் மாநிலக் கருவூலத்தில் ஒரு காசு கட்டுவதில்லை. இதை உணர்ந்துதான் மத்திய அரசு, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குச் சூழலியல் நிதி வழங்கும் திட்டத்தை 2019-ல் 60 மில்லியன் ரிங்கிட்டுடன் தொடங்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 250 மில்லியனாக உயர்ந்தது. அனைத்துலக அளவிலும் எண்ணம் மாறுகிறது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த பருவநிலை மாநாட்டையொட்டித் தொடங்கப்பட்ட வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதித் திட்டம், டன்னுக்கு விலை பேசவில்லை. நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு ஹெக்டருக்கும் ஆண்டுக்கு சுமார் 4 அமெரிக்க டாலர் என்று பேசுகிறது. தொகை சிறியது. ஆனால் காடு நிற்பதே ஒரு சேவை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இந்தத் திட்டங்கள் ஒரு படி மேலே போய், காடு எவ்வளவு என்பதோடு எங்கே என்பதையும் எடைபோட வேண்டும். நகரங்களை ஒட்டியும் ஆறுகளின் தலைப்பகுதியிலும் உள்ள காடுகளுக்குக் கூடுதல் எடை தரலாம்.

அதற்கு அளவீடு வேண்டும். பாசோ போன்ற கோபுரங்களின் மதிப்பு ஓராண்டுத் தரவில் இல்லை. எல் நினோ வந்த ஆண்டும் புகைமூட்டம் சூழ்ந்த ஆண்டும் அதில் பதிவாகும்போதுதான் கணக்கு பேசத் தொடங்கும். கருவிகளைப் பராமரிக்க ஆளும் தொடர்ந்து பணமும் வேண்டும். இயற்பியல், உயிரியல், கணிதம், நிரலாக்கம் நான்கும் சந்திக்கும் துறை இது. ‘படித்துவிட்டு என்ன வேலை?’ என்று யோசிக்கும் படிவம் ஐந்து, எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கரிமச் சந்தை வளர வளர, காட்டின் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களின் தேவையும் வளரும்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொது விசாரணை என்பது இப்போது சட்டத்தில் உள்ள சொல். உங்கள் மாவட்டத்தில் ஒரு காப்பகத்தைப் பற்றி அப்படி ஒரு விசாரணை அறிவிக்கப்பட்டால், மரங்களின் எண்ணிக்கையையும் கரிம டன்னையும் பற்றி அதிகாரிகள் விளக்குவார்கள். அப்போது எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் காடு ஒரு நாளில் எவ்வளவு நீரைக் காற்றுக்கு அனுப்புகிறது? அது நின்றுபோனால் பக்கத்துக் குடியிருப்பின் வெப்பநிலை என்ன ஆகும்? ஈடாகத் தரும் நிலம், அதே குடியிருப்பிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு ஒரு வரைபடமும் அளவுகோலும் போதும்.